நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செத்தவன்

கெர்கிஷ் கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகுதான் புத்தகப் பேச்சை எடுத்தான். அஸ்கெதோம் தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். வெளியே கம்பாலாவின் கான்சாங்கா சாலையில் மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தார்கள்.

"நிருபரே, ஒரு சந்தேகம். நான் எப்ப செத்தேன்?"

அஸ்கெதோம் கண்ணைத் திறந்தார். கேள்வி விளங்கவில்லை. கத்தி மட்டும் நன்றாக விளங்கியது.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல செத்திருக்கேன்," என்றான் கெர்கிஷ். "நடுக்கடல்ல, படகுல, நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டு, அம்மா பேரைச் சொல்லிக்கிட்டே செத்திருக்கேன். அன்னிக்கு வானம் பூரா மேகம். அதோட, எங்கம்மாவும் நானும் பேசி பதினோரு வருஷமாச்சு."

அஸ்கெதோம் எச்சில் விழுங்கப் பார்த்து, தொண்டை கத்தியில் இடிக்கும் என்று நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரேதான் கையெழுத்துப் போட்டு அந்தப் புத்தகத்தை இவனுக்குக் கொடுத்தார். ஆங்கிலப் புத்தகம், முந்நூறு பக்கம். கெர்கிஷின் ஆங்கிலமோ கால்பந்து வர்ணனை கேட்டுக் கற்றது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அட்டை தெரிகிற மாதிரி வைத்திருப்பான், வருகிறவர் போகிறவர் பார்ப்பார்கள் என்ற நினைப்பில் கொடுத்தது. முடி திருத்துகிறவனுக்குக் காலை நேரத்தில் வேலை இருக்காது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார்.

அது நீ இல்லை, புத்தகத்தில் அவன் பெயர் யோனாஸ் அல்லவா என்றார்.

"யோனாஸுக்கும் இடது காது பாதிதான் இருக்கு. யோனாஸும் முடி வெட்டுறவன். யோனாஸுக்கும் ஊர் மெண்டெஃபெரா பக்கம்தான். பாதிக் காதோட எத்தனை பேரு அந்தக் கடலுக்குப் போனோம்?"

இந்த மாதிரிப் புத்தகங்களில் மூன்று பேருடைய அனுபவத்தைச் சேர்த்து ஒரு ஆளாகச் செய்வது வழக்கம், எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை என்று அஸ்கெதோம் விளக்கினார். கருத்தரங்குகளில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். கெர்கிஷ் தலையாட்டவில்லை. அந்த மூன்று பேரில் நிஜமாகச் செத்தது யார் என்று கேட்டான். ஒருவன் இருந்தான், அவன் பெயர் இப்போது நினைவில்லை, குறிப்பேட்டில் இருக்கும் என்றார்.

"அப்ப அவன் பேரைப் போட்டு அவனையே சாக விட்டிருக்கலாமே. உயிரோட இருக்கிறவன் காதைப் பிடிச்சு எதுக்கு இழுத்தீங்க? இத்தாலியில எங்கேயோ எனக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்காங்களாம். பின் அட்டையில போட்டிருக்கு."

அதற்குள் வலது கன்னம் முடிந்திருந்தது. கெர்கிஷ் கத்தியைத் துடைத்து டப்பாவில் போட்டான். மீதிப் பாதியை மெப்ராத் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் பேசிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கடைக் கதவையும் இழுத்துச் சாத்தினான். அப்படித்தான் நாடிழந்த பத்திரிகையாளரும் நூலாசிரியருமான அஸ்கெதோம், ஒரு கன்னம் மழமழவென்றும் ஒரு கன்னம் நுரையுமாக, நட்டநடு மதியத்தில் கான்சாங்கா சாலையைக் கடந்தார்.

அவர் எரித்ரியாவிலிருந்து ஓடிவந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. உகாண்டாவின் கம்பாலாவில் இருக்கும் எரித்ரிய ஜனங்கள் அவரை நிருபர் என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. எவ்வளவு வெயில் அடித்தாலும், மனித உரிமைக் கூட்டம் என்றால் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நட்சத்திர ஓட்டலில் கூட்டம் நடக்கும். கழுத்தில் பெயர் அட்டை தொங்கும். என் மக்களுக்குக் குரலில்லை, அவர்களுடைய குரல் நான் என்று அவர் சொல்வார், கைதட்டுவார்கள், அதற்குப் பிறகு சாப்பாட்டு வரிசை. அந்த அட்டைகள் முப்பத்தேழு அவருடைய அறைச் சுவரில் ஒரே ஆணியில் தொங்கின. அதே நேரத்தில் அவருடைய குரலற்ற மக்கள் மெப்ராத்தின் கடையில் உட்கார்ந்து, கால்பந்தாட்டத்தில் யார் தப்பு என்று எதிர்வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுகிற அளவுக்குக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

மெப்ராத்துக்கே தனி ஒரு குரல் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் போகும் காய்கறி வண்டியைக் கடைக்குள்ளிருந்தே நிறுத்துவாள். அவள் மிளகாய்ப் பொடி விலையைக் கேட்டால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். வயது முப்பத்தெட்டு. ஒன்பது மேசைக் கடையைத் தனியாளாக நடத்தினாள்.

புத்தகத்தின் பெயர் 'மணலில் புதைந்த குரல்கள்'. அதன் நான்காம் அத்தியாயத்தில் அவள் 'செலாம்' என்ற பெயரில் வருகிறாள்.

கெர்கிஷ் ஒரு நாற்காலியில் ஏறி நின்று அந்த அத்தியாயத்தை வாசித்தான். ஆங்கிலத்தில் ஒரு வரி, பிறகு அவர்கள் மொழியான திக்ரிஞாவில் ஒரு வரி. சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் தட்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்கள். செலாம் எப்போதும் முணுமுணுப்புக்கு மேல் பேசியதில்லை என்று வந்த இடத்தில் முதல் சிரிப்பு எழுந்தது. செலாமின் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன என்ற இடத்தில் ஒருவனுக்குப் புரையேறியது. அவளுடைய கண்ணீர் தூசியில் கோடு போட்டது என்று வந்தபோது மெப்ராத்தே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொரு தடவை படி," என்றாள். "அந்த முணுமுணுப்பை. என் வாழ்க்கையில நான் முணுமுணுத்ததே இல்ல, எப்படி இருக்கும்னு பாக்கணும்."

அஸ்கெதோமும் லேசாகச் சிரித்துவைத்தார். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. விஷயம் இதோடு போய்விடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது. கெர்கிஷ் அடுத்த பக்கத்தைப் புரட்டி வாசித்தான்: அவளோடு வந்த இன்னொருத்தி லாரியிலேயே இரண்டாம் நாள் இறந்துபோனாள்.

மெப்ராத்தின் சிரிப்பு நின்றது. இன்னொருத்தியா என்று கேட்டாள். கெர்கிஷ் திரும்பப் பார்த்துவிட்டு, ஆமாம், அப்படித்தான் போட்டிருக்கிறது என்றான். அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவன் இரண்டு பக்கம் முன்னும் இரண்டு பக்கம் பின்னும் தேடிவிட்டு, இல்லை என்றான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று மாலை வரை அவள் குரல் கேட்கவில்லை. சாப்பிட வந்தவர்கள் பயந்துபோய், கேட்டது வராவிட்டாலும் வந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கெர்கிஷும் கடையைத் திறக்கவில்லை. அஸ்கெதோம் இடது கன்னத்தை வீட்டில் தானே சிரைத்துக்கொண்டு, மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

காகிதம் ஒட்டிய மோவாயோடு அவர் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மெப்ராத் பதினோரு பகல் உட்கார்ந்து சொன்ன கதை அது. அதில் திர்ஹாஸ் என்ற பெயர் நாற்பது தடவைக்கு மேல் வந்தது. அவரும் முதலில் எழுதத்தான் செய்திருந்தார். அந்தப் பிரதியும் இருந்தது. திர்ஹாஸைப் பற்றிய மூன்று பக்கத்தின் மேல் பதிப்பகத்துப் பெண் குறுக்குக் கோடு போட்டு, இந்தச் சிரிப்பு வாசகரைக் குழப்பும், எடுத்துவிடலாமா என்று பணிவாகக் கேட்டிருந்தாள். அதன் கீழே அவருடைய கையெழுத்திலேயே 'தாராளமாக' என்று இருந்தது. யோசித்து எழுதிய எழுத்தாகத் தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இது நடந்து மூன்றாம் நாள் மாரிக்கே என்ற ஐரோப்பியப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. புத்தகத்துக்கு ஒரு பரிசு கொடுப்பதாக அவளுடைய அமைப்பு யோசித்துக்கொண்டிருந்தது. இறுதிச் சுற்றில் நான்கு பேர். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு சிறு படம் எடுப்பார்கள். அவள் படக்காரனோடு விமானம் ஏறப்போகிறாள். நிஜ செலாமைப் பேச வைப்பதாக ஒரு மாதத்துக்கு முன்பே அஸ்கெதோம் வாக்குக் கொடுத்திருந்தார். செலாம் அவரோடு பேசுவதில்லை என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கோட்டைப் போடாமல் போனார். மெப்ராத் முற்றத்தில் முறத்தை மடியில் வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் குந்தி, தானும் இரண்டு கல்லைப் பொறுக்கினார். பிறகு பதிப்பகத்துப் பெண் கோடு போட்டதைச் சொன்னார்.

"அவ கோடு போட்டா. நீ என்ன பண்ணுன?"

தாராளமாக என்று எழுதினேன் என்றார்.

மெப்ராத் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் அழுதேன்னு எழுதினது போகட்டும் அண்ணே. வெள்ளைக்காரங்களுக்கு அழுதாத்தான் பிடிக்கும்னா நாலு சொட்டு ஊத்திக்கோ. எனக்கென்ன. திர்ஹாஸ் இன்னொருத்தியா? அவளுக்குப் பேரு வைக்கக்கூட உன் பேனாவுல மை இல்லையா?"

அவர் இன்னொரு கல்லைப் பொறுக்கிப் போட்டார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி சுவா பீர் குடிச்சிட்டு உன் காளைமாட்டுக் கதையைச் சொன்னியே. நான் யார்கிட்டயாவது மூச்சு விட்டேனா? பின் அட்டையில நீ உண்மைக்காக ஊரை விட்டு வந்த சிங்கம்னு போட்டிருக்கான். நானும் சரி, சிங்கம்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

காளைமாட்டுக் கதை இதுதான். அஸ்கெதோம் அஸ்மாராவில் ஓர் அரசுப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். அணைக்கட்டு, அறுவடை, அமைச்சர் என்று இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. ஒரு நாள் ஒரே பக்கத்தில் இரண்டு படம். ஒன்று அமைச்சர். மற்றது இனவிருத்திக்காகக் கப்பலில் வந்திறங்கிய காளை. படத்துக்குக் கீழே போடும் வரிகள் இடம் மாறிவிட்டன. காளைக்குக் கீழே 'மக்களின் நல்வாழ்வே இவரது மூச்சு' என்றும், அமைச்சருக்குக் கீழே 'நாளொன்றுக்கு இருபது கிலோ தின்னும். இதுவரை எந்தப் பயனும் தெரியவில்லை' என்றும் அச்சாகிவிட்டது. விடிகாலையில் அச்சகத்து நண்பன் ஒருவன் போன் செய்து, சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடு என்றான். கிடைத்த வண்டியில் பாதியும் மூன்று நாள் நடையில் மீதியுமாக, எல்லை தாண்டிச் சூடானின் கசாலா போய்ச் சேர்ந்தபோது அவர் போராளியாகியிருந்தார். அவரோடு சேர்ந்து அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கட்டிய மற்ற இருவர் என்ன ஆனார்கள் என்று இன்று வரை தகவல் இல்லை. அதை நினைத்தால்தான் அவர் சுவா குடிப்பார்.

கடைசியில் மெப்ராத் படத்துக்குப் பேசச் சம்மதித்தாள். ஆனால் மொழிபெயர்ப்பு அவருடையதுதான் என்பதால் ஒரு நிபந்தனை வைத்தாள். "நான் சொல்றதை அப்படியே சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கெர்கிஷ் பக்கத்துலயே உக்காந்திருப்பான். நீ எங்கயாவது வழுக்கினா அவன் பாத்துக்குவான்."

படம் எடுக்கும் நாளில் மெப்ராத் புதிதாகப் பின்னிய தலையும் தங்கத் தோடும் சரிகை போட்ட வெள்ளை உடையுமாக வந்து உட்கார்ந்தாள். மாரிக்கே நல்ல பெண்தான், முகத்தில் கபடில்லை. ஆனாலும் தினமும் உடுத்துகிற சாதாரண உடை இருந்தால் நன்றாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். கலியாணத்துக்கு வருகிறவனை அழுக்குச் சட்டையோடு வா என்று உங்கள் ஊரில் சொல்வார்களா என்று மெப்ராத் திருப்பிக் கேட்டாள். அஸ்கெதோம் அதை மொழிபெயர்த்தார். உடை மாறவில்லை. கெர்கிஷ் கையில் ஒரு மஞ்சள் சீப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

கடத்தல்காரர்கள் அடைத்து வைத்திருந்த இடம் எப்படி இருந்தது என்பது மாரிக்கேயின் முதல் கேள்வி. தகரம் அடித்த பட்டி, நாற்பத்தோரு பேர், பேன் கடிதான் பெரிய தொல்லை, கடத்தல்காரனுக்கும் பேன், எங்களுக்கும் பேன், அந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் சமம் என்றாள் மெப்ராத். மனித மாண்பு ஒவ்வொரு நொடியும் மறுக்கப்பட்ட இடம் என்று அஸ்கெதோம் ஆங்கிலத்தில் சொன்னார். பழக்கதோஷம். கெர்கிஷ் ஆட்ட நடுவர் மஞ்சள் அட்டை காட்டுகிற மாதிரி அந்தச் சீப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். கால்பந்து பார்க்கிறவனான படக்காரன் உடனே புரிந்துகொண்டு சிரித்துவிட்டான். அஸ்கெதோம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மன்னிக்க வேண்டும், பேன் என்றுதான் சொன்னாள் என்றார்.

அதற்குப் பிறகு அவர் வழுக்கவில்லை.

மெப்ராத் திர்ஹாஸைப் பற்றிச் சொன்னாள். இருவரும் ராணுவச் சேவையில் ஒரே முகாமில் இருந்தவர்கள், சேர்ந்தே எல்லை தாண்டியவர்கள், சேர்ந்தே மாட்டிக்கொண்டவர்கள். பட்டியில் தினமும் ஒருவரைப் பிடித்து, வீட்டுக்குப் போன் போட வைத்து, அடித்து, அலறலைக் கேட்கவிட்டுப் பணம் கேட்பார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனைச் சத்தமாக வைப்பார்கள். திர்ஹாஸின் முறை வந்தது.

"அவளுக்கு ஊர்ல போன் இருக்கிற சொந்தம் யாருமில்ல," என்றாள் மெப்ராத். "நம்ம கர்னல் நம்பர் மட்டும்தான் மனப்பாடமாத் தெரியும். முகாம்ல எங்களை வெயில்ல கட்டிப்போட்டவன். அந்த நம்பரைக் குடுத்தா. குடுத்துட்டு, காவல்காரன்கிட்ட சொல்றா: இவரு எங்க சித்தப்பா, பெரிய பணக்காரரு, வாய்தான் கொஞ்சம் மோசம், கத்துவாரு, நீங்களும் விடாம கத்துங்க, அப்பதான் வழிக்கு வருவாரு."

அஸ்கெதோம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

"கர்னல் எடுத்தான். இவன், உன் பொண்ணு எங்கிட்ட இருக்கா, பணத்தை அனுப்பு, இல்லன்னா குழியில போட்டு மூடுவேங்கிறான். அவன், நீ யாருடா, எந்தப் படைப்பிரிவு, உன்னை நான் குழியில போடுறேங்கிறான். இவன், வெயில்ல கட்டிப்போடுவேங்கிறான். அவனும் அதையேதான் சொல்றான். ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார் பாடம் நடத்தின மாதிரி. கால் மணி நேரம் அண்ணே. ஒருத்தன் ஆத்தாவை ஒருத்தன் விடல. நாங்க நாப்பது பேரும் வாயில துணியை அடைச்சுக்கிட்டு உருண்டோம். ஒரு கிழவர் கண்ணுல தண்ணி வந்துருச்சு. போன்ல சார்ஜ் தீந்துதான் சண்டை நின்னுச்சு."

அஸ்கெதோமால் மொழிபெயர்க்க முடியவில்லை. இரண்டு சொல் சொல்வார், சிரிப்பு வரும், நிறுத்துவார், மறுபடி தொடங்குவார். படக்காரன் காமிராவைப் பிடித்தபடியே குலுங்கினான். மாரிக்கே முதலில் சிரிக்கலாமா கூடாதா என்று எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு அவளாலும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மறுநாள் யாரோ காட்டிக்கொடுத்ததில் விஷயம் தெரிந்துபோய் திர்ஹாஸை அடித்தார்கள் என்றாள் மெப்ராத். அதே குரல், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ரொம்ப அடித்தார்கள். அதற்குப் பிறகு வேறொரு கூட்டத்துக்கு விற்பதற்காக லாரியில் ஏற்றினார்கள். லாரி பழுதாகி நின்ற இடத்தில்தான் மெப்ராத் தப்பினாள். அதற்குள் திர்ஹாஸ் போய்விட்டாள்.

கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்று மாரிக்கே கேட்டாள்.

"ரெண்டாம் நாள் காய்ச்சல். கண்ணைத் திறந்து, கர்னல் பணம் அனுப்பிட்டானான்னு கேட்டா. இன்னும் வரலடின்னேன். கஞ்சப்பயன்னா. அதுக்கப்புறம் பேசல."

எல்லாரும் அஸ்கெதோமைப் பார்த்தார்கள். கருத்தரங்குகளில் எவ்வளவோ பேசியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கெர்கிஷ் சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தன்னுடைய கால்பந்து ஆங்கிலத்தில் மிச்சத்தைச் சொல்லி முடித்தான். கூடுதல் நேரம், கடைசி நிமிஷம் என்றெல்லாம் இரண்டு சொல் தப்பாக வந்து விழுந்தது. ஆனாலும் மாரிக்கேக்குப் புரிந்துவிட்டது.

படம் வந்தது. அதில் மெப்ராத் பதினான்கு விநாடி வந்தாள். சன்னல் பக்கம் பார்த்தபடி இருக்கிறாள், பின்னால் வயலின் அழுகிறது, பேச்சே இல்லை. பட்டியோ பேனோ கர்னலோ எதுவும் இல்லை. பரிசு வேறொருவருக்குப் போனது. மாரிக்கே தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தாள்: நடுவர்களுக்கு அந்தக் காட்சியை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை, தனக்கும் முதலில் தெரியவில்லை, ஆனால் பார்க்கிற எல்லாரிடமும் கர்னல் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், திர்ஹாஸ் என்ற பெயரோடு. அஸ்கெதோம் அதை மெப்ராத்துக்கு வாசித்துக் காட்டினார். அந்தப் பெண்ணை இன்னொரு தடவை வரச்சொல், சாப்பிடாமலே போய்விட்டாள் என்றாள் மெப்ராத்.

பரிசு போனதில் அவருக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பதினைந்து நாள் போல யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடந்தார். பதினாறாம் நாள் குறிப்பேடுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மெப்ராத் கடைக்கு வந்து, கழிவறைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். அந்த மேசையில்தான் யாரும் உட்கார மாட்டார்கள். திக்ரிஞாவில் எழுதத் தொடங்கினார்.

அது பெரிய தொல்லையாகப் போய்விட்டது. ஆங்கிலத்தில் எழுதியபோது யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது சாப்பிட்டுக் கைகழுவப் போகிறவனெல்லாம் தோளுக்கு மேல் நின்று வாசித்தான். அந்த லாரி நீலம் இல்லை, பச்சை என்றான் ஒருவன். என் கதையில் ஒட்டகம் இரண்டு, நீ ஒன்றைத் தின்றுவிட்டாய் என்றான் இன்னொருவன். மூன்று பேரை ஒருவனாகச் சேர்க்கிற வித்தை இங்கே செல்லவில்லை. மூன்று பேரும் எழுத்தில் தனித்தனியாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கடலில் நிஜமாகச் செத்தவனுடைய பெயர் இசாயாஸ் வெல்தேகபிர் என்று குறிப்பேட்டில் இருந்தது. அவனுக்கு அந்தப் பெயரோடு நான்கு பக்கம் கிடைத்தது. கெர்கிஷ் உயிர் பிழைத்தான். பிழைத்ததோடு நில்லாமல், முழுக் காதும் ஒரு கலியாணமும் வேண்டும் என்று மனுப் போட்டான். அஸ்கெதோம் மறுத்துவிட்டார்.

முதல் அத்தியாயமாகக் காளைமாட்டை வைத்தார். எழுதி முடித்த அன்று அதைக் கடையில் எழுந்து நின்று தானே வாசித்தார். ஒன்பது வருஷச் சிங்கம் கால் மணி நேரத்தில் கரைந்துபோனது. ஜனங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பக்கம் கட்டிய மற்ற இருவரின் பெயரையும் அவர் வாசித்தபோது மட்டும் சத்தம் அடங்கியது. யாருக்காவது அவர்களைப் பற்றித் தகவல் தெரியுமா என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

வாண்டேகேயாவில் மாணவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் கடை ஒன்றில் நூறு பிரதி போட்டார்கள். கெட்டி அட்டை கிடையாது, ஓரத்தில் இரண்டு கம்பி ஊசி. 'கர்னலுக்கு ஒரு போன்' என்று பெயர் வைத்தது மெப்ராத். பஸ் டிரைவர்களும் வியாபாரிகளும் ஜூபாவுக்கும் அடிஸ் அபாபாவுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே அதை மறுபடி நகல் எடுத்தார்கள். எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்துத் திருத்தங்கள் வரத் தொடங்கின. அவர் தன் போன் நம்பரைப் பின்பக்கத்தில் போட்ட வினை. பக்கத்து ஊரைத் தப்பாக எழுதிவிட்டாய் என்று ஒருவர், என்னை ஏன் எழுதவில்லை என்று நான்கு பேர், அந்தக் காளை பிறகு நன்றாகத்தான் வேலை செய்தது என்று கால்நடைத் துறையிலிருந்து ஓடிவந்த ஒருவர்.

ஒரு சனிக்கிழமை மதியம், கடை நிறைந்து கிடந்த நேரத்தில், ஜூபாவிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவன் தன் பெயர் தெவெல்தே என்றான். திர்ஹாஸின் அண்ணன் என்றான். அஸ்கெதோம் எழுந்து நின்றுகொண்டார்.

லாரியில் ஒரு பெண் இறந்தாள் என்பது மட்டும்தான் அவனுக்கு இதுவரை தெரியும். அது தன் தங்கைதானா என்றுகூட நிச்சயமில்லாமல் எட்டு வருஷம் இருந்திருக்கிறான். டீக்கடையில் யாரோ சத்தம் போட்டு வாசித்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டானாம். அந்தப் பிரதியை அவர்கள் தர மறுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வாசிக்க முடியுமா என்று கேட்டான்.

அஸ்கெதோம் வாசித்தார். நடுவில் போனின் அந்த முனையிலிருந்து சிரிப்பு கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று அவர் நிறுத்தினார். இருக்கேன், படிங்க என்றான். முடித்ததும் இன்னொரு தடவை என்றான். அதுவும் முடிந்தது.

"ஒரு திருத்தம் இருக்கு அண்ணே. அந்த நம்பர் நான் குடுத்தது. அப்ப நான் கர்னலுக்கு டிரைவர். ஏதாவது ஆபத்துன்னா கூப்பிடு, நான்தான் பக்கத்துல இருப்பேன், எடுப்பேன்னு சொல்லிக் குடுத்தேன்." பிறகு, "அன்னிக்கு நான் லீவுல இருந்தேன்," என்றான்.

அதற்குள் மெப்ராத் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, யார் என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் சொன்னார். போனைப் பிடுங்கிக்கொண்டு அவள் பின்முற்றத்துக்குப் போனாள். உங்க தங்கச்சி குறட்டை விடுவா தெரியுமா என்று தொடங்கியது கடை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

அரை மணி நேரமாகியும் அவள் வரவில்லை. மேசைகளில் முனகல் எழுந்தது. அஸ்கெதோம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய், கல்லில் மாவை ஊற்றினார். முதல் இஞ்சேரா கிழிந்தது. இரண்டாவது ஒட்டிக்கொண்டது. மூன்றாவதைத் தட்டில் போட்டு, மேலே பருப்புக் குழம்பை ஊற்றிக் கெர்கிஷின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

கெர்கிஷ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நிருபரே, இது எந்த நாட்டு வரைபடம்?"

"சாப்பிடு," என்றார் அஸ்கெதோம். அடுத்த மேசைக்காரன் கையைத் தூக்கினான். அவர் மறுபடி அடுப்படிக்குள் போனார்.